வருகைப்பதிவேட்டில் இல்லாத பெயர்: கேரள உயர்நிலைப் பள்ளிகளும் பால்புதுமை மாணவர்களும்

2017ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டம் வரையிலான கொச்சி மெட்ரோ ரயில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பணியாளர்களுள் 23 திருநர் இடம்பெற்றிருந்தனர் என்பது அப்போது உலக நாளிதழ்கள் வரை சென்ற செய்தி. அவர்களுக்கு வேலை பகிர்ந்தளிக்கப்பட்ட முறை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கல்வித் தகுதியே அளவுகோல். படிப்பை முடித்தவர் பயணச்சீட்டு முகப்பில் அமர்ந்தார். முடிக்காதவர் தூய்மைப் பணிக்குச் சென்றார். சில நாள்களுக்குள் எட்டுப் பேர் வேலையை விட்டு விலகினர். அவர்களுக்கு வீடு வாடகைக்குத் தர நகரத்தில் ஆள் இல்லை என்பதே காரணம். வீட்டுச் சிக்கல் தலைப்புச் செய்தியாயிற்று. ஒருவர் துடைப்பத்தோடும் மற்றொருவர் கணினித் திரைக்கு முன்னும் நின்றதற்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடச் சிக்கல் செய்தியாகவில்லை.

அச்சிக்கல் அரசுக்குத் தெரியாததன்று. கேரளச் சமூகநீதித் துறைக்காக 2014-15இல் திருநரிடையே நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், 58 விழுக்காட்டினர் பத்தாம் வகுப்பை முடிக்கும் முன்பே பள்ளியை விட்டவர்கள் என்றும், 24 விழுக்காட்டினர் ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே வெளியேறியவர்கள் என்றும் தெரியவந்தது. பள்ளி இடைநிற்றல் நாட்டிலேயே மிகக் குறைவாக உள்ள மாநிலங்களுள் ஒன்றில் எடுக்கப்பட்ட கணக்கு இது. கேரளத்தில் எட்டு முதல் பத்து வரை உயர்நிலைப் பள்ளி. குரல் உடைகிற, மீசை அரும்புகிற, மாதவிடாய் தொடங்குகிற, நடையும் கையசைவும் பிறரால் கவனிக்கப்படுகிற வயது. அந்த மூன்றாண்டு இடைவெளியில்தான் பெரும்பாலோர் உதிர்ந்திருக்கின்றனர். ஏழ்மையோ தொலைவோ இதற்கு முதற்காரணமாகச் சொல்லப்படவில்லை; பாலினத்தை முன்னிட்டுப் பள்ளியில் பட்ட அனுபவங்களே சொல்லப்பட்டன.

2015 நவம்பரில் இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநருக்கான மாநிலக் கொள்கையை வெளியிட்டது கேரளம். அதன்பின் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். உதவி, வாழ்க்கையின் பின்முனையிலிருந்து தொடங்கி முன்னோக்கி வந்திருக்கிறது. முதலில் வளர்ந்தவர்களுக்குப் பள்ளி. பிறகு எழுத்தறிவு இயக்கத்தின் தொடர்கல்வி. பிறகு கல்லூரி இடங்கள். அவர்கள் வெளியேற்றப்பட்ட இடமாகிய உயர்நிலைப் பள்ளி வகுப்பறைக்குத்தான் கடைசியில் பார்வை திரும்பிற்று. அங்கும் அது நிலைத்து நிற்கவில்லை.

2016 டிசம்பர் 30ஆம் நாள் கொச்சி திருக்காக்கரையில் 'சஹஜ் இன்டர்நேஷனல்' என்னும் பள்ளி திறக்கப்பட்டது. திருநங்கைச் செயற்பாட்டாளர் விஜயராஜ மல்லிகாவும் நண்பர்களும் முன்னின்று தொடங்கிய அப்பள்ளியைத் திறந்துவைத்தவர் பொள்ளாச்சியைச் சேர்ந்த கல்கி சுப்ரமணியம். மாணவர் பத்துப் பேர் அளவினர். வயது இருபத்தைந்து முதல் ஐம்பது வரை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நடத்தும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளுக்கு அவர்களை ஆயத்தப்படுத்துவது நோக்கம். கட்டடம் கேட்டுச் சென்ற இடங்களிலெல்லாம் உரிமையாளர்கள் மறுத்தனர்; பாலியல் தொழில் நடக்கும் என்பது அவர்கள் சொன்ன அச்சம். இறுதியில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபை தன் கட்டடத்தைக் கொடுத்தது. நாற்பது வயதில் பத்தாம் வகுப்புப் பாடநூலைக் கையிலெடுப்பவருக்கு அப்பள்ளி பேருதவி என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், மாநிலத்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகவும் அது நின்றது. இயல்பான பள்ளியில் இயல்பாக இருக்க முடிந்திருந்தால் 'சஹஜ்' என்ற பெயரில் வேறொரு பள்ளி தேவைப்பட்டிராது.

கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் 'சமன்வய' என்னும் தொடர்கல்வித் திட்டத்தை இதையடுத்துத் தொடங்கியது. திருநரைக் கணக்கெடுத்து, நான்காம், ஏழாம், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகளுக்கு அவர்களைச் சேர்த்து, உயர்வகுப்புகளில் படிப்போருக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் வழங்கியது. 2018 ஜூலையில் பல்கலைக்கழகங்களிலும் இணைவுபெற்ற கலை, அறிவியல் கல்லூரிகளிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் திருநருக்குக் கூடுதலாக இரண்டு இடங்கள் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவோ 2016லேயே பகடிவதைத் தடுப்பு விதிகளைத் திருத்திப் பாலினத்தையும் பாலீர்ப்பையும் முன்னிட்ட துன்புறுத்தலை வெளிப்படையாகச் சேர்த்துவிட்டது. பதினெட்டு வயது ஆனவருக்குச் சொல் கிடைத்துவிட்டது. பதினான்கு வயது மாணவருக்கு?

பதினான்கு வயதில் நேர்வது என்ன என்பதற்கு மலையாளச் சொல் ஒன்றின் வரலாறே போதிய சான்று. 2005இல் லால் ஜோஸ் இயக்கத்தில் திலீப் நடித்த 'சாந்துபொட்டு' வெளிவந்தது. பெண்போல வளர்க்கப்பட்ட ராதாகிருஷ்ணன் என்னும் பாத்திரம் அதன் நகைச்சுவைக்கு மூலதனம். படம் ஓடி முடிந்தது, தலைப்பு தங்கிவிட்டது. நளினமாக நடக்கும் எந்தச் சிறுவனுக்கும் அது பட்டப்பெயராயிற்று. தமிழ்ப் பள்ளிகளில் ஓர் எண்ணுப்பெயர் இதே வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவருவது யாவரும் அறிந்ததே. அதே எண் மலையாளத்திலும் அதே பொருளில் வழங்குகிறது. 2019இல் ஓர் இளைஞர் சமூக ஊடகத்தில் தம் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்ந்து எழுதினார். டியூஷன் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் அவரைக் காட்டி இவன் அந்தப் படத்தில் வருபவனைப் போலவே இருக்கிறான் என்று சொல்ல, வகுப்பே சிரித்த கதை அது. அப்பதிவைப் படித்த நடிகை பார்வதி திருவோத்து தம் திரைத்துறையின் சார்பில் அவரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவர் அப்படத்தில் நடித்தவர்கூட அல்லர்.

திரையுலகிலிருந்து ஒருவர் மன்னிப்புக் கேட்டார் என்பது பலராலும் பாராட்டப்பட்டது. அந்நிகழ்வில் ஆசிரியர் செய்ததைக் கூர்ந்து பார்த்தவர் குறைவு. பட்டப்பெயர் என்பது மாணவரிடையே திரியும் வரை வெறும் வசை. அதற்கு உரிமையாளர் இல்லை. நாளை வேறு சொல் வரலாம். ஆசிரியர் நாவில் ஏறியவுடன் அது பெயராகிவிடுகிறது. வருகைப்பதிவேட்டிலிருந்து பெயர்களைப் படிக்கிற அதே வாய் அதை உச்சரிப்பதே காரணம். சொல்லுக்கு ஆற்றல் தருவது அதைச் சொல்பவரின் பதவியே என்பது மொழியியலில் செயல்வினைக் கூற்றுகளைப் பற்றி எழுதியோர் பலமுறை விளக்கிய செய்தி. நீதிபதி சொன்னால் தீர்ப்பு, மாணவன் சொன்னால் பேச்சு. ஆசிரியர் நேரே சொல்ல வேண்டுமென்பதுகூட இல்லை. பின்வரிசையில் எழும் சொல்லைக் கேட்டும் கரும்பலகையிலிருந்து திரும்பாமல் நின்றாலே போதும்.

அப்படித் திரும்பாத ஆசிரியர்கள் எத்தனை என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் அளவீடு உண்டு. யுனெஸ்கோவின் புதுதில்லி அலுவலகம் சென்னையைச் சேர்ந்த சகோதரன் அமைப்புடன் சேர்ந்து தமிழ்நாட்டில் 371 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் தாக்கப்பட்டதாக 60 விழுக்காட்டினர் கூறினர். படிப்பை நிறுத்தியதில் இத்துன்புறுத்தலுக்குப் பெரும்பங்கு உண்டு என்றவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டவர்களோ 18 விழுக்காட்டினர் மட்டுமே. அந்த 60க்கும் இந்த 18க்கும் இடையில் உள்ள தொலைவில் ஆசிரியரைப் பற்றிய தீர்ப்பு அடங்கியிருக்கிறது. அடிபட்ட பிள்ளை முதலில் ஆசிரியரிடம் ஓடும் என்பது நம் பொது நம்பிக்கை. இந்தப் பிள்ளைகள் ஓடவில்லை. முறையிடுவதென்றால் அடித்தவன் பெயரோடு அடிபட்ட காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அக்காரணத்தைச் சொல்ல அவர்களிடம் வசையல்லாத சொல் ஒன்றுமில்லை.

மலையாளத்துக்கு இவ்விடத்தில் ஒரு வசதி உண்டு. ஏ.ஆர். ராஜராஜவர்மா தம் 'கேரளபாணினீயம்' நூலில், தமிழிலிருந்து மலையாளம் விலகிய வழிகள் ஆறு என்று வகுத்து, அவற்றுள் ஒன்றாக வினைமுற்றில் இடமும் பாலும் காட்டும் விகுதி நீங்கியதைக் குறிப்பிடுகிறார். வந்தான், வந்தாள், வந்தார், வந்தேன் எல்லாமே மலையாளத்தில் 'வந்நு' தான். 'குட்டி' என்னும் சொல்லும் பால்பொது. ஆகவே எர்ணாகுளம் மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் ஒரு மாணவரைப் பற்றி நாள் முழுவதும் ஆணென்றும் பெண்ணென்றும் சுட்டாமலே இலக்கணப் பிழையின்றிப் பேச இயலும். தமிழாசிரியருக்கு அது எளிதன்று. ஒவ்வொரு வினைமுற்றிலும் அவர் முடிவெடுத்தாக வேண்டும், அல்லது 'ஆர்' விகுதியின் மரியாதைக்குள் ஒதுங்க வேண்டும். தொல்காப்பியரே சொல்லதிகாரத் தொடக்கத்தில் இச்சிக்கலை எதிர்கொண்டிருக்கிறார். ஆண்மை திரிந்த பெயர்களுக்குத் தமக்கெனத் தனி விகுதி இல்லை, உயர்திணை விகுதிகளையே அவை ஏற்கும் என்பது அவர் முடிபு. அவர்களை அஃறிணையில் தள்ளவில்லை என்பது இலக்கண வகுப்பில் இன்றும் சொல்லத்தக்கது. பல வகுப்புகளில் அந்நூற்பா வேகமாகக் கடந்துசெல்லப்படுகிறது.

ஆனால் மொழி தந்த வசதியைப் பள்ளியின் வரிசை பறித்துக்கொள்கிறது. காலை வணக்கக் கூட்டத்தில் ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். இருக்கை, சீருடை, கழிப்பறை, உடற்கல்வி வகுப்பு, சுற்றுலாவில் தங்கும் அறை எல்லாம் அப்படியே. வினைமுற்றில் காணாமற்போன பால் விகுதி கட்டடத்தில் இருக்கிறது. கழிப்பறைக்குப் போக அஞ்சி நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்ததைச் சொல்லாத திருநர் தன்வரலாறு அரிது.

நிர்வாகம் 'ஆதரவு' என்று எண்ணிச் செய்வதும் சில வேளைகளில் வெளியேற்றமாகவே முடியும். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கையாக அறியப்படும் கிரேஸ் பானு, தூத்துக்குடி மாவட்டத்தில் தாம் படித்த பள்ளி தமக்கு விதித்த ஏற்பாட்டைப் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். மற்ற மாணவர்கள் வந்தபின் வர வேண்டும், அவர்கள் போவதற்கு முன் போய்விட வேண்டும், யாரோடும் பழகக் கூடாது. பள்ளியிலிருந்து நீக்கவில்லை என்று நிர்வாகம் சொல்லிக்கொள்ளலாம். சாதி ஒடுக்குமுறையின் வரலாறு அறிந்த எவருக்கும் அந்த ஏற்பாட்டின் வடிவம் புதிதன்று. தலித் திருநங்கையாகிய அவர் அவ்விரண்டையும் சேர்த்தே பேசிவருகிறார். பின்னாளில் அவர் வளர்ப்பு மகளாக ஏற்ற தாரிகா பானு, சென்னை அம்பத்தூரில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியொன்றில் படித்து 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றார். சித்த மருத்துவ இடத்துக்கு உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. ஆனால் அவரைப் பெண்ணாக ஏற்று, பெண்கள் பள்ளியின் பதிவேட்டில் எழுதி, மற்ற மாணவியரோடு அமரவைத்த செயலைச் செய்தது நீதிமன்றமன்று, ஒரு பள்ளி. பதிவேட்டுக்கு முன் அமர்ந்து அதை எழுதிய கை எவருடையதோ, அதற்கு விருது எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

அயல்நாட்டு வரலாற்றிலும் ஆசிரியரின் வாய்தான் போர்க்களம். 1988இல் பிரிட்டன் இயற்றிய உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை'த் தடைசெய்தது. ஆசிரியர் மீது அச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கத் தேவையே எழவில்லை. அச்சமே போதுமானதாக இருந்தது. இங்கிலாந்தில் அது நீக்கப்பட 2003 ஆயிற்று. அதே 1988இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு அகாதெமியில் வரலாற்று ஆசிரியர் கெவின் ஜென்னிங்ஸும் மாணவர்களும் சேர்ந்து அமைத்த மாணவர் மன்றம் பின்னர் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிற்று. விஸ்கான்சினில் தன்பாலீர்ப்பு மாணவரைத் தாக்குதலிலிருந்து காக்கத் தவறியதற்காகப் பள்ளி அலுவலர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று 1996இல் வந்த நபோஸ்னி வழக்கின் தீர்ப்பு, அறியாதவர்போல் இருப்பதும் ஒரு செயலே என்பதைச் சட்டமொழியில் நிறுவியது.

இந்தியாவில் ஆசிரியர் கையில் ஒரு கையேடு கொடுக்கும் முயற்சி நடந்தது. அதன் ஆயுள் சில நாள்களே. 2021 ஜூன் 7ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில் பள்ளி, கல்லூரிகளுக்கும் வழிகாட்டுதல் வழங்கினார். பெற்றோர் ஆசிரியர் கழகங்களைக் கொண்டு பெற்றோருக்குப் புரிதல் ஏற்படுத்துவது, பால்பொதுக் கழிப்பறை, கல்வி ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற வழி, விண்ணப்பப் படிவத்தில் கூடுதல் கட்டம், பால்புதுமையரைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர் நியமனம் என்பன அவற்றுள் சில. அதே ஆண்டு அக்டோபரில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி., பள்ளிக் கல்வியில் திருநர் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வது குறித்து ஆசிரியருக்கான கையேடு ஒன்றைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் அதற்கு எதிரான புகாரை ஏற்றுக் கடிதம் எழுத, நவம்பர் தொடக்கத்திலேயே கையேடு மறைந்தது. கையேடு திரும்பப்பெறப்பட்ட விதம் குறித்து அந்நீதிபதியே பின்னர் அதிருப்தி தெரிவித்தார். 2023 ஜனவரியில் வேறொரு வரைவு வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் எட்டாம் வகுப்பில் நுழைந்த பிள்ளைகள் எந்த வரைவுக்காகவும் காத்திருக்கவில்லை.

கேரளத்தில் இதே காலத்தில் சர்ச்சை சீருடையைச் சுற்றி நடந்தது. ஆலுவாவிலிருந்து கிழக்கே, பெரும்பாவூருக்கு அருகிலுள்ள வளயஞ்சிரங்ஙர அரசுத் தொடக்கப் பள்ளி, ஆசிரியர்களும் பெற்றோரும் கலந்துபேசி 2018லேயே ஆண், பெண் இருபாலருக்கும் முழங்கால் தாண்டிய கால்சட்டையும் சட்டையுமான ஒரே சீருடையை முடிவுசெய்திருந்தது. பெண்குழந்தைகள் ஓடி விளையாடப் பாவாடை தடையாக இருக்கிறது என்பதே அதற்குக் காரணம். பெரிய கொள்கை முழக்கம் ஏதுமில்லை. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி அதே வழியில் சென்றபோதுதான் போராட்டங்கள் வெடித்தன. 2022இல் மாநிலப் பாடத்திட்டச் சீரமைப்புக்கான விவாதக் குறிப்பு வெளியானதும் சர்ச்சை முற்றிற்று. குறிப்பில் இருந்த 'லிங்க சமத்துவம்' என்பது 'லிங்க நீதி' என்றாயிற்று. ஒரே விதமான 'இருக்கை' என்பது 'பள்ளிச் சூழல்' என்று பொதுமைப்பட்டது. சமத்துவத்துக்கும் நீதிக்கும் இடையே தத்துவத்தில் எத்தனையோ வேறுபாடுகள் இருக்கலாம். இங்கு நடந்தது தத்துவமன்று. பெஞ்சு என்னும் பருப்பொருள் வாக்கியத்திலிருந்து அகற்றப்பட்டது, அவ்வளவே. அவ்வாண்டு ஆகஸ்டில், எந்தச் சீருடையையும் அரசு வலியுறுத்தவில்லை என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் தெரிவித்தார்.

இந்த விவாதம் முழுவதிலும் ஆதரித்தோரும் எதிர்த்தோரும் பேசியது பெண்பிள்ளை கால்சட்டை அணிவதைப் பற்றியே. திருநம்பியாக வளரும் மாணவருக்கு அந்தக் கால்சட்டை என்னவாக இருந்திருக்கும் என்ற கேள்வி எவர் பேச்சிலும் மையமாகவில்லை. 2022 ஜூலையில் கேரள பாஷா இன்ஸ்டிடியூட், 'டிரான்ஸ்ஜெண்டர்' என்பதற்கு நல்ல மலையாளச் சொல்லொன்றைப் பரிந்துரைக்குமாறு பொதுமக்களிடம் கேட்டது நினைக்கத்தக்கது. கொள்கை வந்து ஏழாண்டு ஆகியும் அதைச் சொந்த மொழியில் சொல்ல ஒரு பெயர்ச்சொல் அமையவில்லை. வசைச்சொற்களுக்கு மட்டும் எந்த இன்ஸ்டிடியூட்டும் தேவைப்பட்டதில்லை. 2023 ஜனவரியில் மாநிலக் குழந்தை உரிமை ஆணையம், ஆசிரியரைச் 'சார்' என்றும் 'மேடம்' என்றும் பால்பிரித்து அழைக்காமல் எல்லோரையும் 'டீச்சர்' என்றே அழைக்க வேண்டும் என்று பணித்தது. மாணவர் ஆசிரியரை எப்படி அழைப்பது என்பதற்கு ஆணை பிறந்துவிட்டது.

ஆசிரியர் மாணவரை எப்படி அழைப்பது என்பது அவ்வளவு எளிதில் தீராது. 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம், அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றி உள்ளடக்கிய கல்வி வழங்க வேண்டும் என்று 13ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் அடையாளச் சான்றிதழுக்குச் சிறார் தாமே விண்ணப்பிக்க இயலாது. பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்க வேண்டும். எந்த வீட்டுக்கு அஞ்சிப் பிள்ளை ஆசிரியரிடம் வந்ததோ அதே வீட்டின் கையொப்பம் தேவை. தன்பாலீர்ப்பு மாணவருக்கோ அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவின் கடுமையை நீக்கியபோது அது பேசியது வயதுவந்தோரின் உறவைப் பற்றி. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் உறவுகள் போக்சோ சட்டத்தின் வரம்புக்குள் வருவதால், நம்பிச் சொல்லப்பட்ட ஒன்றைக் கேட்ட ஆசிரியருக்கு அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை எழுமோ என்ற கலக்கமும் உண்டு. ஈர்ப்பைச் சொல்வது வேறு, பாலுறவுக் குற்றம் வேறு என்று பிரித்துச் சொல்லித்தரும் பயிற்சி அவருக்குக் கிடைத்திருப்பது அரிது. அஞ்சிய ஆசிரியர் பெற்றோரை அழைத்துவிடுகிறார். பெற்றோர் மருத்துவரிடமோ மதபோதகரிடமோ அழைத்துச் செல்கின்றனர். கட்டாய 'மாற்றுச் சிகிச்சை'க்கு எதிராக வழிகாட்டுதல் வகுக்குமாறு கேரள உயர்நீதிமன்றம் 2021இல் அரசைப் பணித்ததும், தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்ததும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை நோக்கித்தான். முதற்கண்ணி ஆசிரியர் அறையில் எடுக்கப்பட்ட தொலைபேசி.

மாணவர் சொன்னதை அவர் அனுமதியின்றி வீட்டுக்குச் சொல்லாதிருப்பதே பல வேளைகளில் ஓர் ஆசிரியர் செய்யக்கூடிய முதல் உதவி. உயிருக்கு ஆபத்தோ வன்முறையோ உள்ள இடத்தில் மட்டும் அந்த மௌனம் உடையலாம். பிறகு ஆலோசகர், பிறகு தோழமை அமைப்புகள். இவையெல்லாம் கையேட்டில் எழுதியிருக்க வேண்டியவை. எழுதாததால் தனித்தனி ஆசிரியரின் மனப்போக்குக்கு விடப்பட்டுள்ளன.

ஆலுவா என்ற பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் ஒருமுறை வருகிறது. ஆலுவாவைச் சேர்ந்த ஆதிலா நஸ்ரினும் கோழிக்கோடு மாவட்டம் தாமரசேரியைச் சேர்ந்த பாத்திமா நூராவும் சவூதி அரேபியாவில் பள்ளி மேல்நிலை வகுப்பில் சந்தித்தவர்கள். அவர்கள் உறவு வீடுகளுக்குத் தெரியவந்தது, எதிர்ப்பு எழுந்தது. கேரளம் திரும்பிப் பட்டப்படிப்பு முடியும்வரை காத்திருந்தனர். 2022 மே மாதத்தில் கோழிக்கோட்டில் வனஜா கலெக்டிவின் காப்பிடத்தில் சேர்ந்தனர். அங்கிருந்து ஆலுவா வீட்டுக்கு. ஆலுவாவிலிருந்து நூரா உறவினரால் அழைத்துச் செல்லப்பட்டார். ஆதிலா காவல்நிலையம் சென்றார். பின் ஆட்கொணர்வு மனு. மே 31ஆம் நாள் நீதிபதிகள் வினோத் சந்திரனும் சி. ஜெயச்சந்திரனும் அடங்கிய அமர்வு நூராவிடம் பேசியபின் இருவரும் சேர்ந்து வாழத் தடையில்லை என்றது. பல ஆண்டு அலைச்சல் ஒரு நாள் அமர்வில் முடிந்தது. பெற்றோர், உறவினர், காவலர், காப்பிடம் தந்த அமைப்பு, நீதிபதி என இவ்வழக்குச் செய்திகளில் பலர் வருகின்றனர். பள்ளியில் தொடங்கிய இந்தக் கதையில் ஆசிரியர் என்று குறிப்பிடத்தக்க எவரும் வருவதில்லை. தீங்கு செய்தவராகவும் வரவில்லை, துணைநின்றவராகவும் வரவில்லை.

2024 மே மாதத்தில் வெளியான தமிழ்நாட்டு மேல்நிலைத் தேர்வு முடிவுகளில், சென்னை திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன் அரசுப் பள்ளியில் பயின்ற திருநங்கை மாணவி ஒருவர் தேர்ச்சி பெற்றார். அவ்வாண்டு தேர்வெழுதிய ஒரே திருநங்கை என்று நாளிதழ்கள் அவரைக் கொண்டாடின. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வில் ஒருவர். கொண்டாட்டச் செய்தியில் அவ்விகிதம் பற்றிய வியப்பு இல்லை. மற்றவர்கள் தேர்வெழுதாமல் இல்லை. வேறு பெயரில், வேறு பாலினக் கட்டத்தில் எழுதியிருப்பர், அல்லது ஒன்பதாம் வகுப்போடு போயிருப்பர்.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அச்சாகும் பெயரே ஒருவரின் பிறந்தநாளுக்கும் பெயருக்கும் வாழ்நாள் சான்று. கடவுச்சீட்டு முதல் ஓய்வூதியம் வரை அதுவே கேட்கப்படும். பின்னாளில் மாற்ற வேண்டுமானால் அரசிதழ், உறுதிமொழிப் பத்திரம், அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். மெட்ரோ நிலையத்தில் வேலைக்கு வந்தவர்களுள் பத்தாம் வகுப்பை முடித்திருந்தவர்களும் கொண்டுவந்தது அந்தப் பெயர் அச்சிட்ட தாளைத்தான். ஒவ்வோராண்டும் பத்தாம் வகுப்பு மாணவர் பட்டியல் தேர்வுத் துறைக்குச் செல்லும் முன், வகுப்பாசிரியர் ஒவ்வொருவரையும் மேசைக்கு அழைத்து, பெயரில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்த்துக் கையொப்பமிடச் சொல்வது பள்ளிகளின் வழக்கம். மாணவர் குனிந்து பார்ப்பார். எழுத்துப்பிழை இராது.